ஓட்டுநர் இருக்கையில் ஒரு திமிங்கலம்

பேனா மறுபடியும் கீழே விழுந்தது.

"என்னங்க, காலையிலேர்ந்து டொக் டொக்குன்னு இதே சத்தமா இருக்கு?" என்று கேட்டபடி, ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் வெறுமையுமாக வாசலிலிருந்து திரும்பி வந்தார் சூப்பர்வைசர்.

"விரல் மரத்துப்போய்க் கிடக்கு. பிடிச்சா நழுவுது" என்றார் ஓவியர். சாப்பாட்டு மேசைக்கு அடியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்ததால் குரல் மட்டும்தான் மேலே வந்தது.

மேசைமேல் டேப்லெட் மல்லாந்து கிடந்தது. பெரிய தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் ஒரு நீலத் திமிங்கலத்தின் வால் மட்டும் இருந்தது. மிச்சத் திமிங்கலம் இன்னும் ஓவியரின் வலது கைக்குள்தான் இருந்தது. அந்தக் கைதான் இப்போது வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது.

சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, ஓவியரின் மனைவிதான். பஸ்ஸுக்கு இருக்கை பொருத்தும் தொழிற்கூடத்தில் அவருக்குக் கீழே ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. அங்கே வைத்த பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்த்து, இவருக்கு எவ்வளவு அகலத்தில் இருக்கை வேண்டும் என்று மனசுக்குள் அளந்துவிடுவார். பஸ்ஸில் ஏறினால் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். ஒவ்வொரு இருக்கையையும் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றே வருவார்.

ஓவியர் வேறு ரகம். அதிர்ந்து பேசத் தெரியாதவர். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறார். இத்தனை வருஷமும் யார் யாரோ எழுதிய கதைகளுக்குப் போட்டார். இந்தக் கடல் புத்தகம்தான் கதையும் படமும் அவரே என்று வரப்போகும் முதல் புத்தகம். எல்லாப் பக்கங்களும் முடிந்துவிட்டன. கடைசி இரண்டு பக்கங்களையும் சேர்த்து அடைத்துக்கொண்டு வரவேண்டிய திமிங்கலம் மட்டும் பாக்கி.

பதிப்பகத்து அம்மா முந்தின நாள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "வார இறுதிக்குள்ள திமிங்கலம் என் கைக்கு வந்தாகணும் சார், அச்சகம் காத்திருக்காது. கை முடியலைன்னா கூச்சப்படாம சொல்லுங்க. வேற ஒருத்தரை வெச்சு அந்தப் படத்தை முடிச்சுடலாம். அட்டையில ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம்."

அந்த 'ரெண்டு பேர்' ஓவியரைக் குத்தியதைவிட சூப்பர்வைசரை அதிகமாகக் குத்தியது. புருஷன் பெயர் மட்டும் தனியாக, பெரிதாக இருக்கும் அட்டையைத் தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் காட்டப்போவதாக அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

"ஒரு நடை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்றார் ஓவியர், மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து.

"எதுக்கு டாக்டர்? எங்கே, வரைஞ்சு காட்டுங்க, பார்ப்போம்."

ஓவியர் உட்கார்ந்தார். இரண்டு விரலுக்கு மட்டும் துணியுள்ள ஒரு கையுறையை மாட்டினார். கை கண்ணாடிமேல் ஒட்டாமல் வழுக்குவதற்காக அது. பேனாவைப் பிடித்தார். கழுத்து கவிழ்ந்தது. தோள் காதுக்குப் பக்கத்தில் போனது. முதுகு வளைந்தது. ஒரு கால் நாற்காலிக்கடியில் மடங்கியது, இன்னொரு கால் எங்கோ போனது.

சூப்பர்வைசர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் படம் வரைந்து அவர் பார்த்ததே இல்லை. அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் இவர் டேப்லெட்டை எடுப்பார். அவர் திரும்பி வருவதற்குள் மேசையைத் துடைத்துவிடுவார். கம்ப்யூட்டரில் எதையோ அமுக்குவார், படம் வந்துவிடும் என்று சூப்பர்வைசர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்.

"இப்படியா உட்கார்றீங்க? தினமுமா? இது சாப்பிடற நாற்காலிங்க! இதுல முதுகே கிடையாது!"

"நாற்காலிக்கா?"

"உங்களுக்கு! அது சரி, உங்க தலை எவ்வளவு கனம்னு தெரியுமா?"

ஓவியர் தலையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரியாது.

"ஒரு நல்ல பூசணிக்காய் கனம். நேரா வெச்சா முதுகெலும்பு சுமந்துக்கும். இப்படி முன்னால தொங்கவிட்டா கழுத்து மட்டும் தனியா கிடந்து சுமக்கும். கழுத்து நொந்தா தோள், தோள் நொந்தா கை. உட்கார்ற கோளாறுக்கு டாக்டர் எதுக்குங்க? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டுத் தொழிற்கூடத்துக்குப் போன் போட்டு லீவு சொன்னார். காய்ச்சல் வந்தபோதுகூட லீவு எடுக்காதவர். கைப்பையில் எப்போதும் கிடக்கும் அளவு நாடாவை உருவினார்.

முதலில் கழுத்தைக் கவனித்தார். பரணிலிருந்து பயணப்பெட்டியை இறக்கிச் சுத்தம் செய்து, அடியில் கட்டை கொடுத்து, மேசைமேல் சாய்வாக நிறுத்தினார். அதன்மேல் டேப்லெட்டை வைத்தார். திரை எழுந்து நின்று ஓவியரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது. ஓவியரும் நிமிர்ந்தார்.

"அட, ஆமா! கழுத்து வலி காணாமலே போச்சு!"

"பின்னே?" என்று சூப்பர்வைசர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிய அதே நொடியில், டேப்லெட் பெட்டிமேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி ஓவியரின் மடியில் வந்து உட்கார்ந்தது.

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அடியில் ஒட்டினார்கள். அதற்கப்புறம் டேப்லெட் அசையவில்லை. ஆனால் ஓவியரின் கை, உயரத்தில் இருக்கும் பரணில் எதையோ தேடுகிற நிலைக்கு வந்தது. கட்டையை உருவிச் சாய்வைக் குறைத்தால் கழுத்து குனிந்தது, கூட்டினால் தோள் தூக்கியது. சூப்பர்வைசர் கட்டைகளை அறுத்து, தேய்த்து, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் சாயங்காலமே வந்துவிட்டது. அன்றைக்குப் படுத்தவுடன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிப்போனார்.

காலையில் ஓவியருக்குப் பல் விளக்கும் பிரஷ்ஷே கையில் நிற்கவில்லை.

"நேத்தைவிட இன்னிக்குக் கூடியிருக்கே" என்றார் பயந்துபோய்.

"கழுத்தை மட்டும் பார்த்தது என் தப்பு. அடித்தளம் சரியில்லாம மேல பூச்சு வேலை பார்த்திருக்கேன்" என்றார் சூப்பர்வைசர். அண்ணனுக்குப் போன் போட்டார்.

சூப்பர்வைசரின் அண்ணன் அதே தொழிற்கூடத்தில் வெல்டிங் வேலை பார்ப்பவர். எந்தப் பிரச்சினையானாலும் இரண்டு இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். மத்தியானத்துக்குள் ஒரு சின்ன வேனோடு வந்து இறங்கினார். வேனில் ஒரு பஸ் ஓட்டுநர் இருக்கை இருந்தது.

துணியின் நிறம் ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கி வைத்த இருக்கை அது. மற்றபடி குறை சொல்ல முடியாது. நெடுந்தூர வண்டிக்காகச் செய்தது. ஏற்ற இறக்க ஒரு நெம்புகோல், முன்னே பின்னே நகர்த்த ஒன்று, முதுகைச் சாய்க்க ஒன்று, இடுப்பின் பள்ளத்தில் மெத்தையைப் புடைக்கவைக்க ஒரு திருகு. தலைக்கு ஒரு சாய்மானம், அடியில் சுருள்வில். மனுஷன் ஒருவன் உட்காருவதற்காக இன்னொரு மனுஷன் இத்தனை யோசித்திருக்கிறான் என்று பார்க்கும்போது யாருக்கும் கொஞ்சம் மரியாதை வரத்தான் செய்யும். ஓவியர் அதைத் தொடவே தயங்கினார்.

"மாப்பிள்ளை, ஏறி உட்காருங்க! நம்ம வண்டி!" என்றார் அண்ணன்.

"முதல்ல உள்ள வரணுமே மச்சான்."

வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். ஓவியர் உட்கார்ந்தார். இருக்கை அவரை மெதுவாக வாங்கிக்கொண்டது. சூப்பர்வைசர் திருகைத் திருப்பினார். பிறந்ததிலிருந்து யாரும் தாங்கிப் பிடிக்காத ஓர் இடத்தை ஏதோ ஒன்று வந்து தாங்கியது. ஓவியரின் கண் கலங்கிவிட்டது.

"எப்படிங்க இருக்கு?"

"இப்படி ஒண்ணு உலகத்துல இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே!"

"பெல்ட்டையும் போட்டுக்கோங்க மாப்பிள்ளை."

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஓவியர் திமிங்கலத்தின் முதுகை வரைய ஆரம்பித்தார். நீளமாக, ஒரே இழுப்பில் வரவேண்டிய கோடு. பேனா கண்ணாடியைத் தொட்டதும் அடியில் இருந்த சுருள்வில் பாசத்தோடு மேலும் கீழும் ஆடியது. திமிங்கலத்தின் முதுகில் ஏகப்பட்ட மேடு பள்ளம் விழுந்தது.

"கடல்ல அலை இருக்கத்தானே செய்யும்?" என்றார் அண்ணன்.

"இது அலை இல்லை மச்சான், திமிங்கலம்" என்று ஓவியர் இடது கையால் ஒரு பொத்தானைத் தட்டினார். கோடு மறைந்தது.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். "எங்க போச்சு?"

"இல்லாம ஆக்கிட்டேன். தப்பா போனா இதை அமுக்கினா போதும். செய்யாத மாதிரி ஆயிடும்."

"செஞ்சதைச் செய்யாத மாதிரியா? பற்றவெச்சதையெல்லாம் பற்றவைக்காத மாதிரி?" அண்ணன் அந்தப் பொத்தானுக்குக் கிட்டே குனிந்தார். தன் வாழ்க்கையில் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றிய பற்றவைப்புகள் எல்லாம் அவர் கண் முன்னால் வந்துபோயின. "மாப்பிள்ளை, இன்னொரு தடவை அமுக்கிக் காட்டுங்களேன்."

இருக்கையின் சுருள்வில்லைப் பூட்டினார்கள். இப்போது உயரம் கச்சிதம், ஆனால் கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. காலுக்கு ஒரு பலகை அடித்தார்கள். முட்டி போய் மேசையில் இடித்தது. மேசையின் நாலு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். பயணப்பெட்டி இப்போது ஓவியரின் தலைக்கு மேலே இருந்தது. பெட்டியை எடுத்துவிட்டு, பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வருபவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி ஒன்றைத் தரையிலிருந்து கூரைவரை நிறுத்தினார் அண்ணன். அதிலிருந்து ஒரு இரும்புக் கையைப் பற்றவைத்து, டேப்லெட்டைக் காற்றில் நிறுத்தினார்.

டேப்லெட் அழகாக நின்றது. ஜன்னல் வெயில் நேராக அதில் அடித்து, திமிங்கலம் இருந்த இடத்தில் ஓவியருக்குத் தன் முகம்தான் தெரிந்தது. எனவே பஸ் ஜன்னல் திரைச்சீலை ஒன்றும் தொங்கியது.

"முழங்கைதான் இன்னும் அந்தரத்துல நிக்குது" என்றார் சூப்பர்வைசர், கண்ணை இடுக்கிக்கொண்டு. "கையோட கனம் முழுக்கத் தோள்ல இறங்குது. இதைத் தாங்கியாகணும்."

பஸ் கம்பியில் தொங்குமே, நின்று வருபவர்கள் பிடித்துக்கொள்ளும் பட்டை, அதே மாதிரி அகலமான பட்டை ஒன்று கூரையிலிருந்து இறங்கியது. உள்ளே மெத்தை வைத்துத் தைத்தது சூப்பர்வைசரேதான். ஓவியரின் முழங்கை அதற்குள் போய் உட்கார்ந்ததும் கையின் பாரம் முழுவதும் கூரைக்குப் போய்விட்டது.

கதவில்லாத வாசல் வழியாக எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டினார். கம்பியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், பெல்ட் போட்டிருந்த ஓவியரைப் பார்த்தார்.

"எப்பங்க கிளம்புது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார்.

அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் உள்ளே யாரும் இல்லை. காலையைவிட விரல் கொஞ்சம் உயிர் பெற்றிருந்தது. ஓவியர் பேனாவைப் பிடித்தார். சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் பழக்க தோஷத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உடம்பு ஒருவழியாக வெறும் நீல உருவமாக விழுந்திருந்தது; திமிங்கலத்தின் கண்ணை வரையவேண்டிய நேரம் அது.

ஓவியர் இரண்டு விரல்களால் திரையை விரித்தார். தலை பெரிதாகி, கன்னம் பெரிதாகி, கடைசியில் ஒன்றுமில்லாத ஒரு நீலம் திரையை அடைத்தது. பேனா அதில் இறங்கியது. முதலில் ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றி ஒரு பழுப்பு. அழுத்தினால் கோடு தடித்தது, விட்டால் மயிரிழையாக மெலிந்தது. ஒரு சுருக்கம், அதற்குக் கீழே இன்னொரு சுருக்கம். அப்புறம் பேனாவின் நுனியால் வெள்ளையில் ஒரே ஒரு பொட்டு.

கண் திறந்துகொண்டது.

இத்தனை நேரமும் கண்ணாடியாக இருந்தது இப்போது சூப்பர்வைசரைப் பார்த்தது. வயசான, சாந்தமான பார்வை. ஓவியர் விரல்களைச் சேர்த்தார். கண் சின்னதாகிச் சின்னதாகி ஒரு கடுகாகிவிட, அதைச் சுற்றி ஒரு மலை மாதிரித் திமிங்கலம் எழுந்து வந்தது.

"இது எத்தனை டன் இருக்கும் மாப்பிள்ளை?" என்றார் அண்ணன், கிசுகிசுப்பாக.

சூப்பர்வைசர் முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். இந்த மனுஷனோடுதான் தினமும் சாப்பிட்டோம், சண்டை போட்டோம், மின்விசிறி ஏன் துடைக்கவில்லை என்று கேட்டோம். இந்த மனுஷனுக்குள் இத்தனை பெரிய கடல் இருந்திருக்கிறது, ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் போய்விட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இத்தனையும் அந்த ஒரு கை வழியாகத்தானே வெளியே வரவேண்டும்?

"என்னம்மா, நல்லாயில்லையா?" என்று ஓவியர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க திரும்பாதீங்க. கழுத்து பிடிச்சுக்கும்" என்றார் சூப்பர்வைசர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அன்று மிச்ச நேரம் முழுக்க அவர் ஓயவில்லை. ஒவ்வொரு திருகையும் திரும்ப முறுக்கினார். பேனாவுக்கு ரப்பர் சுற்றித் தடிமனாக்கினார், விரல் இறுக்கிப் பிடிக்கவேண்டாம் என்பதற்காக. செங்கற்களை மாற்றி அடுக்கினார். அண்ணனே "போதும்மா, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்று கிளம்பிப் போனார். சூப்பர்வைசர் சாப்பிடும்போதே தூங்கி விழுந்தார்.

மறுநாள் காலை ஓவியரின் வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. தூக்கினார், வரவில்லை. இடது கையால் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். விட்டதும் மறுபடி தொங்கியது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வேணா ஒண்ணு சொல்லட்டுமா? அந்தச் சாப்பாட்டு நாற்காலியிலயே..." என்று ஆரம்பித்தார் ஓவியர்.

"பேசாதீங்க" என்றார் சூப்பர்வைசர். குரலில் அதட்டல் இல்லை. "நான் தொட்டதெல்லாம் கூடிக்கிட்டே போகுது. ஒவ்வொண்ணும் அளந்துதான் வெச்சேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரியலையே!"

போன் அடித்தது. பதிப்பகத்து அம்மா. சூப்பர்வைசர்தான் எடுத்தார்.

"சார் கை எப்படிம்மா இருக்கு? இன்னிக்குச் சொன்னீங்கன்னாதான் இன்னொருத்தர்கிட்ட பேச எனக்கு நேரம் இருக்கும்."

"கண்ணு போட்டாச்சு மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"என்னது?"

"திமிங்கலத்துக்குக் கண்ணு போட்டாச்சு. நான் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு மிச்ச உடம்பை இன்னொருத்தர் போட முடியாது மேடம். நீங்க பார்த்தா நீங்களும் அதைத்தான் சொல்வீங்க. வார இறுதின்னு சொன்னீங்க, அதுவரைக்கும் விடுங்க. தயவுசெஞ்சு."

சூப்பர்வைசர் யாரிடமாவது தயவுசெஞ்சு என்று சொல்லி ஓவியர் கேட்டதே இல்லை. மறுமுனையில் நாள்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரிம்மா, ஆனா அதுக்கு மேல என்னால முடியாது" என்று போன் வைக்கப்பட்டது.

சூப்பர்வைசர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். அப்புறம் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தன் வேலையைச் சரிபார்க்க இன்னொருவரைக் கூப்பிட்டார்.

அடுத்த தெருவில் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் இருந்தார். நரம்பு, தசை, மூட்டு என்று எது முரண்டு பிடித்தாலும் அழுத்தியும் நீட்டியும் சரிசெய்கிறவர். ஓவியரை அங்கே அழைத்துப்போகலாம் என்றால் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க இங்க வரணும். கோளாறு உங்ககிட்ட இல்லை, என் வேலையில இருக்கு. அதை நேர்ல பார்க்காம எப்படிச் சொல்லுவாங்க?"

பிசியோதெரபிஸ்ட் வந்தார். அமைதியான பெண். கதவில்லாத வாசலில் காலை வைத்தவர் உள்ளே பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"இதுல... ஏறணுமா?"

"உட்கார்ந்து பாருங்க மேடம். என்ன குறைன்னு முகத்துக்கு நேரா சொல்லுங்க."

பிசியோதெரபிஸ்ட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இடுப்புத் திருகைத் திருப்பினார். காலைப் பலகையில் வைத்தார். முழங்கையைப் பட்டைக்குள் விட்டார். பேனாவை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கழுத்து நேராக இருந்தது, தோள் கீழே இருந்தது, முழங்கை மடங்கவேண்டிய அளவுக்கு மடங்கியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெகுநேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

"மேடம்?"

"ஒரு நிமிஷம்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நானும் இத்தனை வருஷமா ஆபீஸ் ஆபீஸா போய்ச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கழுத்து இப்படி, முழங்கை அப்படின்னு. படத்துல காட்டுவேன். நேர்ல ஒரு இடத்துலகூடப் பார்த்தது கிடையாது. இதை யார் செஞ்சது?"

"நான்தான். எங்க அண்ணன் பற்றவெச்சாரு."

"ஒரு குறையும் இல்லைம்மா. திரை உயரம், சாய்வு, கைக்குத் தாங்கல், எல்லாமே சரி. கும்பிடணும்போல இருக்கு."

இன்னொரு நாளாக இருந்திருந்தால் சூப்பர்வைசர் இந்த வார்த்தைகளைத் தெருவுக்கே போய்ச் சொல்லியிருப்பார். இன்று அவர் முகம் இன்னும் வாடியது. "எல்லாம் சரின்னா இவர் கை ஏன் மேடம் தொங்குது?"

பிசியோதெரபிஸ்ட் மனசில்லாமல் இருக்கையை விட்டு எழுந்து ஓவியரிடம் வந்தார். மணிக்கட்டைத் தொட்டார், விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தார்.

"காலையிலதான் மோசமா இருக்கா?"

"ஆமா. மத்தியானம் ஆகஆகக் கொஞ்சம் தேவலை."

"நல்லது. அப்போ கெட்டுப்போகலை. மணிக்கட்டைத் தூக்கற நரம்பு மேல்கை எலும்பைச் சுத்திக்கிட்டு வருது. அதை ஏதோ ஒண்ணு அழுத்துது. அது மட்டும் நின்னுட்டா இந்த வாரம் முடியறதுக்குள்ள பழையபடி பேனா பிடிப்பார்."

"பிடிப்பாரா?" சூப்பர்வைசரின் கண்ணில் உயிர் வந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். "அப்போ பட்டைதான். பட்டையைக் கழட்டிடறேன்."

"பட்டை அந்த இடத்தைத் தொடவே இல்லையேம்மா."

"இருக்கையோட கைப்பிடி?"

"அது அதுக்கும் கீழே இருக்கு. இந்த அமைப்புல எதுவுமே அங்கே படலை."

"பின்னே எதுதான் மேடம்? சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி, எத்தனை ஆசையா செஞ்சதா இருந்தாலும் சரி, இவர் கையை அழுத்தறது எதுவோ அதை இப்பவே பிடுங்கி வெளிய வீசிடறேன். எனக்கு இந்தக் கைதான் முக்கியம்."

ஓவியர் திடீரென்று எழுந்தார். "எனக்கு இப்போ கொஞ்சம் தேவலைன்னு நினைக்கிறேன். மேடம், நீங்க கிளம்புங்களேன்."

"உட்காருங்க சார்" என்று பிசியோதெரபிஸ்ட் அவருடைய சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டினார். ஓவியர் மும்முரமாகத் திமிங்கலத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மேல்கையில், அச்சுக் குத்தியதுபோல, ஐந்து இதழ் வைத்த ஒரு சின்னப் பூ சிவப்பாகப் பதிந்திருந்தது.

பிசியோதெரபிஸ்ட் அந்தப் பூவைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, ஸ்பேனரும் கையுமாக நின்ற சூப்பர்வைசரின் காதிலிருந்த ஐந்து இதழ்த் தோட்டைப் பார்த்தார்.

"வீசவெல்லாம் வேண்டாம்மா, இன்னிக்கு ராத்திரியிலிருந்து தலை வெச்சுத் தூங்க நீங்க தனியா ஒரு தலகாணி வாங்கிக்கிட்டா போதும்."